வாக்கர் என்றால் நடப்பவரா?

கேள்வி: என் மருமகள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்தவர். குடும்பப் பெயர் வாக்கர். 'நடப்பவர்' என்றுதான் பொருளா என்று பேரன் கேட்கிறான். வாக்கர் குலச்சின்னம் என்று ஓர் இணையதளம் விற்பதை அவனுக்கு வாங்கித் தரலாமா?

பதில்: நடந்தவர்கள்தான். நடந்த இடம் துணித் தொட்டி.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி நெகிழ்ந்து, சல்லடை போல இருக்கும். ஆட்டு மயிரின் பிசுக்கும் போயிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். மிதிபட மிதிபட இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கிக் கெட்டிப்படும். எண்ணெயை உறிஞ்ச ஒருவகைக் களிமண்ணும் சேர்ப்பார்கள். நாம் முகத்தில் பூசும் முல்தானி மிட்டி அந்த இனம்தான். குளிரில் அந்த நாற்றத்தில் நின்று மிதித்தவர்களின் பெயர் இது. பேரனிடம் பெருமையாகவே சொல்லுங்கள்.

இதே தொழில்காரருக்குத் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர் என்று பெயர், தென்மேற்கில் டக்கர். எக்ஸிடரில் டக்கர்ஸ் ஹால் என்ற அவர்களுடைய சங்கக் கட்டடம் 1471 முதல் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஆற்று நீரால் இயங்கும் ஆலைகளின் மரச் சுத்தியல்கள் கால்களின் வேலையை மெல்ல எடுத்துக்கொண்டன. பெயர் மட்டும் மாறவில்லை.

குலச்சின்னத்தை வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் அது ஒரு தனிமனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது; குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. தவிர, ஊர் ஊராகத் தனித்தனியே பிறந்த தொழிற்பெயர் இது. எல்லா வாக்கர்களும் ஒரே வம்சம் அல்லர்.

அந்தப் பணத்தில் சான்றிதழ்கள் வாங்குங்கள். சம்பந்தி வீட்டாரிடம் தாத்தா, பாட்டி பெயர்களையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் 1837 ஜூலை முதல் உண்டு. வீட்டிலிருந்தவர்களின் பெயர்கள் 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்கும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மட்டும் 1942இல் தீயில் எரிந்துவிட்டது. 1837க்கு முன் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. அவை 1538இல் தொடங்குகின்றன, ஆனால் எல்லா ஊரிலும் முழுமையாக இல்லை.

கிடைத்த மிகப் பழைய ஊரின் வரைபடத்தை விரித்து, ஆற்றோரமாகப் பேரனைத் தேடச் சொல்லுங்கள். 'வாக் மில்' என்ற இடப்பெயர் இருந்தால், துணி மிதித்த ஆலை அங்கேதான் இருந்திருக்கும்.