கலெக்டரிடம் போவேன் என்றால் அது மிரட்டலா?

கேள்வி: பட்டா மாறுதலுக்கு நடையாய் நடந்து வெறுத்துப்போய், "கலெக்டர்கிட்ட போறேன், லஞ்ச ஒழிப்புக்கும் எழுதுறேன்" என்று அலுவலகத்தில் சத்தம் போட்டுவிட்டேன். அதிகாரியை மிரட்டியதாக கேஸ் போடுவோம் என்கிறார்கள். போட முடியுமா?

பதில்: நீங்கள் சொன்னது அவ்வளவுதான் என்றால் அந்த கேஸ் நிற்காது. அரசு ஊழியரை மிரட்டுவது பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 224-ஆவது பிரிவு, 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் மிரட்டல் 'தீங்கு' பற்றியதாக இருக்க வேண்டும். உடலுக்கோ மனதுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ சட்டவிரோதமாகச் செய்யும் கெடுதலைத்தான் சட்டம் தீங்கு என்கிறது. மேலதிகாரியிடம் புகார் கொடுப்பது உங்கள் உரிமை. "வேலை முடிச்சு நீ வீட்டுக்கு எப்படிப் போறேன்னு பார்க்கிறேன்" என்றிருந்தால் கதை வேறு.

நீங்கள் கவனிக்க வேண்டியது அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்குவது பற்றிய 132-ஆவது பிரிவு, பழைய ஐ.பி.சி. 353. இதற்கும் 2 ஆண்டுதான். ஆனால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் கோர்ட்டில்தான். இதற்குத் தாக்குதலோ பலப்பிரயோகமோ இருக்க வேண்டும். வெறும் வார்த்தை தாக்குதல் ஆகாது. ஆனால் அடி விழ வேண்டும் என்பதும் இல்லை: முஷ்டியை ஓங்குவதையும், கம்பைக் கையில் எடுத்து "அடிப்பேன்" என்பதையும் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. எனவே குரல் உயர்ந்தாலும் கை உயரக்கூடாது. அவர் கையிலிருக்கும் ஃபைலைப் பிடுங்கவும் கூடாது. பெங்களூரு போக்குவரத்து போலீசின் முகநூல் பக்கத்தில் இன்ஸ்பெக்டரைப் பற்றிக் குறை எழுதிய தம்பதி மீது போட்ட 353 வழக்கை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

பணியைத் தடுத்ததாக 221-ஐச் சேர்த்தால் (3 மாதம், 2,500 ரூபாய் வரை), அந்த ஊழியரோ அவரது மேலதிகாரியோ கோர்ட்டுக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். அப்படித் தராமல் போலீஸ் குற்றப்பத்திரிகையை மட்டும் நம்பினால் அந்த 221 குற்றச்சாட்டு அங்கேயே விழும்.

கேள்வி: என் கணவர் வி.ஏ.ஓ. மணல் லாரியைப் பிடித்ததிலிருந்து, "இன்னொரு லாரியைப் பிடிச்சா கையை வெட்டுவோம்" என்று இரவில் போன் வருகிறது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) மட்டும் தந்தார்கள்.

பதில்: இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸை 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள்.

'கொலை மிரட்டல் விடுத்தார்' என்று பொதுவாக எழுதினால் புகார் பலவீனமாகிவிடும். மிரட்டியவன் பேசியதைப் பேசியபடியே, தேதி, நேரம், எண்ணோடு எழுதுங்கள். எந்த லாரி, என்று பிடித்தது என்பதும் அவசியம். அரசு வேலையைச் செய்யவிடாமல் தடுக்கத்தான் மிரட்டினான் என்று காட்டினால்தான் 224 பொருந்தும். கொடுங்காய மிரட்டலுக்கு 351(3)-ஐயும் கேளுங்கள். அதற்கு 7 ஆண்டு வரை.

224 மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. உங்களுக்குத் தடங்கல் இதுவாகவே இருக்கலாம். சி.எஸ்.ஆரோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுங்கள். தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் எழுத்தில் தகவல் போகட்டும்.

பதிவான பேச்சை அழிக்காதீர்கள், அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். பென் டிரைவில் நகல் கொடுத்தால் புதிய சாட்சியச் சட்டம் (பி.எஸ்.ஏ.) 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்: ஒரு பகுதியில் உங்கள் கணவரும் மற்றதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும், ஹாஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) இருக்க வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன் வந்த மிரட்டல் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அதற்குப் பழைய ஐ.பி.சி. 189தான்.