பன்னீர்ச் செம்பும் முயல் படமும்

போன இதழில் முகத்துக்கு ஸ்பிரேயாக அடிக்கிற ‘ஃபேஸ் மிஸ்ட்’ பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாகர்கோவிலில் பதினெட்டு வருஷம் பியூட்டி பார்லர் நடத்தியவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது, அதனால் அரிப்பு, தடிப்பு, கொப்புளம் என்று எழுதியவர்கள் எல்லாரும் தயவு செய்து தோல் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, ஆன்லைனில் ஒரு மிஸ்ட் வாங்கினேன். டப்பாவில் முயல் படம் போட்டு ‘க்ரூயல்டி ஃப்ரீ’ என்று எழுதியிருக்கிறது. கூடப் படிக்கிறவள், ‘அது சும்மா படம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கலாம்’ என்கிறாள். அம்மாவோ, ‘பச்சைத் தண்ணிக்கு நானூறு ரூபாயா’ என்று ஏசுகிறார். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி, மக்களே. அம்மாவுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் முயல். ‘க்ரூயல்டி ஃப்ரீ’ என்றால் விலங்குகளை வதைத்துச் சோதிக்காதது என்று அர்த்தம்.

1944-ல் ஜான் டிரைஸ் என்ற அமெரிக்க அரசு விஞ்ஞானி ஒரு சோதனை முறையை வகுத்தார். அசைய முடியாதபடி முயலைப் பிடித்து வைத்து, அதன் கண்ணில் பொருளை விட்டு, கண் சிவக்கிறதா, புண்ணாகிறதா, பார்வை மங்குகிறதா என்று நாள் கணக்கில் குறித்துக்கொண்டே இருப்பது. நாம் தலைக்குப் போட்ட ஷாம்பூவும் கண்ணுக்கு எழுதிய மையும் எத்தனையோ வருஷம் இந்த முயல்களைத் தாண்டித்தான் கடைக்கு வந்தன. எலியை விட்டுவிட்டு டப்பாவில் முயலை வரைவதற்குப் பின்னால் இருக்கிற கதை இதுதான்.

இப்போது நம் நாட்டு நிலவரம். அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிக்கக் கூடாது என்று 2014 மே மாதமே இந்தியாவில் தடை வந்துவிட்டது. வெளியே சோதித்துவிட்டு இங்கே கொண்டுவந்து விற்பதற்கும் அதே வருஷம் நவம்பரில் தடை போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைத் தடை முழுமையாக வந்தது 2013-ல், ஆக நாம் ஒன்றும் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. அப்படியானால் இங்கேயே செய்த ஒரு மிஸ்டில் முயல் படம் இருப்பது எதைப் போல? உப்புப் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போடுவதைப் போல. பொய் இல்லை, ஆனால் அது அவர்கள் நமக்குச் செய்கிற தனிச் சலுகையும் இல்லை.

அதற்காகப் படத்துக்கு அர்த்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கம்பெனி தன் கையால் சோதிக்காமல் இருக்கலாம், மூலப்பொருளை விற்கிறவன் எங்கோ சோதித்திருக்கலாம். சீனாவில் 2021 மே வரைக்கும் வெளிநாட்டிலிருந்து வருகிற சாதாரண கிரீமுக்கும் விலங்குச் சோதனை கட்டாயமாக இருந்தது. அங்கே கடை விரித்த பல கம்பெனிகள் இங்கே ஒரு பேச்சும் அங்கே ஒரு பேச்சுமாக இருந்தார்கள். இந்த ஓட்டைகளைப் பார்க்கத்தான் வெளியாள் கொடுக்கிற சான்று. ‘லீப்பிங் பன்னி’ என்று ஒன்று உண்டு, துள்ளுகிற முயல். மூலப்பொருள் விற்கிறவர் வரைக்கும் விசாரித்து, தணிக்கையும் வைக்கிறார்கள். பீட்டாவின் முயல் வேறு, அது பெரும்பாலும் கம்பெனி எழுதிக் கொடுக்கிற உறுதிமொழியை நம்பித் தருவது. மூன்றாவது ஜாதி, கம்பெனியின் டிசைனர் உட்கார்ந்து வரைந்த முயல். உன் தோழி சொல்வது இதைத்தான். ‘க்ரூயல்டி ஃப்ரீ’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விளக்கம் கிடையாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே சொல்லிவிட்டது. நானே ஒரு கடையில், பழைய அச்சின் மேல் முயல் ஸ்டிக்கரை ஒட்டிய பாட்டிலை வாங்கி வந்து, நகத்தால் சுரண்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன். சான்று கொடுக்கிறவர்களின் வெப்சைட்டில் பிராண்டு பேரைப் போட்டுத் தேடு, பட்டியலில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

இன்னொரு குழப்பம், முயல் இருந்தால் ‘வேகன்’, அதாவது விலங்கிலிருந்து எடுத்த எதுவும் சேராதது, என்று நினைத்துக்கொள்வது. உங்கள் ஊர்த் தேனையே எடுத்துக்கொள். லிப் பாமில் தேன்மெழுகு சேர்த்திருந்தாலும், அதை எந்த விலங்கின் மேலும் சோதிக்கவில்லை என்றால் முயல் படம் தாராளமாகப் போடலாம், ஆனால் அது வேகன் ஆகாது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற லானோலினும் அப்படித்தான். லிப்ஸ்டிக் சிவப்புக்கு ‘கார்மைன்’ என்று ஒன்று போடுவார்கள், டப்பாவில் சி.ஐ. 75470 என்று எண்ணாக ஒளிந்திருக்கும். அது செடியில் ஒட்டி வாழ்கிற பூச்சியைக் காயவைத்து எடுக்கிற சாயம். எது உனக்கு ஒப்பும், எது ஒப்பாது என்பது உன் மனசு. வாங்குவதற்கு முன்னால் ‘சோதித்தார்களா’, ‘உள்ளே என்ன இருக்கிறது’ என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள், அவ்வளவுதான்.

சரி, அம்மா. டப்பாவைத் திருப்பினால் முதல் பெயர் ‘அக்வா’, அதாவது தண்ணீர். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பை வைத்துக்கொண்டு வருகிறவர் மேல் எல்லாம் தெளித்தோமே, அதையே பாட்டிலில் அடைத்து இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மா ஏசியதில் தப்பில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிக்கிறவர். சுறா ஈரல் எண்ணெய் முகத்துக்குப் பூசுகிற சாமானுக்குப் போகிறது என்கிறார். மகள் வாங்கிய ஸ்பிரேயில் ‘ஸ்குவாலேன்’ என்று போட்டிருக்கிறது. அது இதுதானா?
– இல்லத்தரசி, தூத்தூர்

பதில்: இந்தக் கேள்வியை உங்கள் ஊரிலிருந்து வந்தால்தான் நம்புவேன், அம்மா. கொச்சித் துறைமுகத்தில் போய்க் கேட்டாலும் சுறா என்றால் தூத்தூர்க்காரர்களைத்தானே கை காட்டுகிறார்கள்.

வீட்டுக்காரர் சொல்வது உண்மை. மற்ற மீன்களுக்கு இருக்கிற காற்றுப் பை சுறாவுக்குக் கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் அதை அமிழ்ந்து போகாமல் வைத்திருக்கிறது. ஆழத்தில் வாழ்கிற சுறா என்றால் அந்த எண்ணெயில் ‘ஸ்குவாலீன்’ நிறைய. சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்க அதில் ஹைட்ரஜனைச் சேர்த்து மாற்றினால் மகள் பாட்டிலில் இருக்கிற ஸ்குவாலேன். நம் முகத்தில் வழிகிற எண்ணெயிலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஸ்குவாலீன்தான், அதனால்தான் பூசினால் பிசுபிசுக்காமல் ஒத்துப்போகிறது.

ஆனால் இப்போது ஆலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் அதே பொருளை எடுக்கிறார்கள். 2008 வாக்கில் பெரிய ஐரோப்பியக் கம்பெனிகள் சில சுறா எண்ணெயை விட்டுவிடுவதாக அறிவித்தன. சிக்கல் என்னவென்றால், சுறாவிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் டப்பாவில் பெயர் ஒன்றுதான். செடியிலிருந்து எடுத்தது என்றோ வேகன் என்றோ தனியாக எழுதியிருந்தால் சரி, இல்லையென்றால் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். முயல் படம் சுறாவுக்காகப் பேசாது. கடலுக்குப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை, காலையிலிருந்து இரவு வரை ஏசி. முகம் இழுத்துப் பிடிக்கிறது என்று மணிக்கு ஒரு தடவை மிஸ்ட் அடிக்கிறேன். அடித்த பத்து நிமிஷத்தில் முன்னைவிட மோசமாக வறள்கிறது. பிராண்டை மாற்றவா?
– விற்பனைப் பெண், நாகர்கோவில்

பதில்: பிராண்டை மாற்றாதீர்கள், அடிக்கிற முறையை மாற்றுங்கள். உதடு காய்ந்தால் நாக்கால் நனைப்போம் இல்லையா, நனைக்க நனைக்க வெடிக்குமே தவிர ஆறாது. முகத்திலும் அதேதான் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் ஜில்லென்று இருக்கும், அந்தச் சுகத்துக்குத்தான் காசு. போன பிறகு தோலில் ஒன்றும் மிச்சமில்லை. ஏசி வேறு அறையிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. வாசலைத் தாண்டினால் ஊரே கடற்காற்றில் கசகசவென்று இருக்கும், உள்ளே நீங்கள் கருவாடு மாதிரி காய்கிறீர்கள்.

அடித்தால் காயும்வரை காத்திருக்க வேண்டாம். ஈரம் இருக்கும்போதே உள்ளங்கையால் ஒற்றிவிட்டு, பட்டாணி அளவு மாய்ஸ்சரைசரை மேலே தடவுங்கள். தண்ணீரைப் பூட்டி வைக்கிற மூடி அதுதான். மிஸ்டில் கிளிசரின் இருந்தால் நல்லது. ‘ஆல்கஹால் டினேட்’ என்று முதல் நாலைந்து பெயருக்குள் இருந்தால் வறண்ட முகத்துக்கு வேண்டாம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிப் பிடித்து, கண்ணை மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு அடியுங்கள், அந்தத் துளி நுரையீரலுக்குப் போக வேண்டியதில்லை. ஆஸ்துமா இருந்தால் வாசனை போட்டது எதையும் தொட வேண்டாம். மணிக்கு ஒரு தடவை தேவையே இல்லை, மத்தியானம் ஒரு தடவை போதும்.

கேள்வி: தோவாளைச் சந்தையில் ரோஜா வாங்கி வேகவைத்து, எலுமிச்சம்பழம் நாலு சொட்டு விட்டு, வீட்டிலேயே மிஸ்ட் செய்து ஒரு மாதமாக அடிக்கிறேன். இப்போது அடியில் நூல் நூலாக ஏதோ மிதக்கிறது. இயற்கையானதுதானே, பயமில்லையே?
– வாசகி, குலசேகரம்

பதில்: மிதக்கிறதும் இயற்கைதான், பூஞ்சை. இன்றைக்கே கீழே ஊற்றுங்கள், பாட்டிலையும் தூக்கிப் போடுங்கள்.

தண்ணீரும் பூச்சாறும் சேர்ந்த இடத்தில் கிருமி குடியேறாமல் இருக்காது. கடைப் பாட்டிலில் ஃபீனாக்ஸி எத்தனால், சோடியம் பென்சோயேட் என்று எதையாவது கொஞ்சம் போடுவது இதற்காகத்தான், ‘கெமிக்கல்’ என்று நாம் முகம் சுளிப்பது அதைத்தான். வீட்டில் செய்தே ஆகவேண்டும் என்றால் கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். சந்தைப் பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், மாலைக்குக் கட்டுகிற பூவை முகத்துக்கு வேகவைக்க வேண்டாம், வீட்டுத் தொட்டியில் பூத்தது என்றால் சரி. எலுமிச்சை வேண்டவே வேண்டாம். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்தது மாதிரி கொப்புளம் வரும், ஆறினாலும் கறுப்புத் தடம் பல வாரம் நிற்கும். பார்லரில் இப்படி வந்தவர்களைப் பார்த்து நான் டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன்.

நிஜப் பன்னீர் வேகவைத்த சாறு இல்லை, ஆவியை வாலை என்கிற வடிகலத்தில் வடித்தெடுப்பது. பூஜைக்கு என்று விற்கிற மலிவுப் பன்னீர் பெரும்பாலும் சென்ட் கலந்த தண்ணீர், அதையும் முகத்துக்கு அடிக்காதீர்கள்.

கேள்வி: ஆண்கள் மிஸ்ட் அடிக்கலாமா? தினமும் பைக்கில் நாகர்கோவில் போய் வருகிறேன். சன்ஸ்கிரீன் போட்ட முகத்தில் நடுவில் மிஸ்ட் அடித்தால் மறுபடி சன்ஸ்கிரீன் போட வேண்டாம் என்கிறான் நண்பன்.
– வாசகர், குளச்சல்

பதில்: தாராளமாக அடிக்கலாம், தம்பி, தண்ணீருக்கு ஆண் பெண் தெரியாது. நண்பன் சொன்னது மட்டும் தப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்கிரீனைத்தான் மறுபடி போட வேண்டும். மணவாளக்குறிச்சி வழியாகப் போகிறவனாக இருந்தால் ரோட்டோரம் அந்த மணல் ஆலையைப் பார்த்திருப்பாய். அங்கே பிரிக்கிற கருமணலில் இருக்கிற இல்மனைட் என்ற தாது, டைட்டானியம் டை ஆக்சைடுக்கு மூலப்பொருள், அந்த வெள்ளைப் பொடிதான் பல சன்ஸ்கிரீனில் வெயிலை மறிக்கிறது. மிஸ்ட் பாட்டிலில் அது கிடையாது. அப்புறம், முகத்துக்கு அடித்த கையோடு ஹெல்மெட்டை மாட்டாதே, கண்ணாடியில் ஆவி படிந்தால் ரோடு தெரியாது.