பெடல் அளவு ஆம்ப் மேடைக்குப் போதுமா? கேளுங்கள், சொல்கிறேன்

கே: அண்ணா, 44 மேக்னம் என்கிற பெடல் அளவு கிட்டார் ஆம்ப் வாங்கியிருக்கிறேன். டிரம்மரோடு வாசித்தால் கேட்குமா?

ப: கேட்கும் தம்பி, ஆனால் பாதி விஷயம் உன் கேபினெட்டில், அதாவது ஸ்பீக்கர் பெட்டியில், இருக்கிறது. அதைச் செய்யும் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் சொல்லும் 44 வாட், 8 ஓம் ஸ்பீக்கருக்குத்தான் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை). 16 ஓம் மாட்டினால் சுமார் பாதிதான் வரும், ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகாது. 8-க்குக் கீழே மட்டும் போகாதே. வாட்டைவிட ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பார், அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்று. 94 டெசிபல் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு 100 டெசிபல் ஸ்பீக்கரின் சத்தத்தை எட்ட நாலு மடங்கு வாட் வேண்டும். அப்புறம், கேபினெட்டை நாற்காலி மேல் ஏற்று. தரையில் வைத்து வாசித்துவிட்டு ‘எனக்கே கேட்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம், முழங்காலுக்குக் காது கிடையாது.

கே: மற்ற பெடல்களோடு சேர்த்து ஒரே 9 வோல்ட் செயினில் கரன்ட் கொடுக்கலாமா?

ப: முடியாது. அதற்கென்றே 24 வோல்ட் அடாப்டர் பெட்டியிலேயே வரும்.

கே: ஸ்பீக்கர் அவுட்டை நேராக மிக்ஸருக்கு?

ப: வேண்டவே வேண்டாம். இப்படிப்பட்ட பல ஆம்ப்களில் ஸ்பீக்கர் ஜாக்கின் இரண்டு முனையுமே கிரவுண்ட் கிடையாது, மிக்ஸரில் செருகினால் ஒரு முனை ஷார்ட். ஒரு கல்யாண மண்டபத்தில் அவசரத்தில் நானே செருகினேன். ஒரு ‘டப்’, கருகிய வாசனை, மீதிக் கச்சேரி முழுக்க அக்கூஸ்டிக். கேபினெட் முன்னால் மைக் வை.

கே: இரண்டு 8 ஓம் கேபினெட்?

ப: பேரலலில் 4 ஓம். மேலே சொல்லிவிட்டேன்.

கே: கிட்டார் கேபிளையே கேபினெட்டுக்குப் போடலாமா?

ப: ஸ்பீக்கர் கேபிள். ஸ்பீக்கர் கேபிள். ஸ்பீக்கர் கேபிள்.

கே: சார், 20 வாட் வால்வு ஆம்ப் இதைத் தூக்கிச் சாப்பிடும். வால்வு வாட் வேறு.

ப: வாட் எல்லாம் ஒன்றுதான். வால்வு ஆம்ப்பில் அளவைத் தாண்டினாலும் சத்தம் காதைக் குத்தாமல் உடையும், அதனால் கூசாமல் வால்யூமைத் திருகுகிறோம்.

கே: அப்போ என் காது பொய் சொல்கிறதா?

ப: இல்லை. 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓமாக இருப்பதில்லை, அடி பேஸில் ஓரிடத்தில் பல மடங்கு ஏறும். அங்கே சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் வாட் இறங்கிவிடும், வால்வு அவ்வளவாக விடாது. நீங்கள் கேட்கிற ‘கனம்’ அதுதான்.

கே: ஒத்துக்கொள்ள முடியாது சார்.

ப: சரி, ஒரே கேபினெட், உங்கள் கண்ணில் துணி, நான் மாற்றி மாற்றி மாட்டுகிறேன். டீ உங்கள் செலவு.

கே: அண்ணா, 44 மேக்னம் டிரம்மரோடு கேட்குமா?

ப: முதல் பதில்.