‘நான் நலமாக இருக்கட்டும்’ என்று சொல்ல வாய் வரவில்லை

மதிப்பிற்குரிய அம்மா,

ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். எனக்கு வயது 36. கணவர் விசைப்படகுத் தொழில் செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில், இலங்கையில், நான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அவர் வந்தார், படகு வரவில்லை. படகுக்கு வாங்கிய கடன் அப்படியே இருக்கிறது. இப்போது அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். என்னவென்று கேட்டால் பதில் வருவதில்லை.

நான் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். கடந்த மீன்பிடித் தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்காரர்களிடம் கடனுக்குக் காரல் மீன் வாங்கிக் காயப்போட்டிருந்தேன். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடு என்று ஒன்பது வயது மகனிடம் சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். அவன் விளையாடப் போய்விட்டான். கோடை மழையில் எல்லாம் நனைந்து நாறிவிட்டது. ஈர்க்குமாறால் அவனை அடித்தேன். அவன் கத்துவதை நிறுத்திய பிறகும் அடித்தேன். அதற்கு முன்பும் அடித்ததுண்டு. ஆனால் அன்று அடித்தது வேறு மாதிரி.

இப்போது மேல்தட்டிலிருந்து உப்பு டப்பாவை எடுக்க நான் கையை உயர்த்தினால்கூட, அவன் கை தானாகத் தலையை மறைக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது.

மகளிர் குழுப் பயிற்சிக்கு வந்த ஓர் அம்மா, புத்தர் வழித் தியானம் என்று சொல்லி மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். கடைசியில் ‘நான் நலமாக இருக்கட்டும், நான் பயமின்றி இருக்கட்டும்’ என்று மனத்துக்குள் சொல்ல வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு மாடியில் உட்காருகிறேன். மூச்சு வரை சரியாக இருக்கிறது. அந்த வரி வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. ‘பெற்ற பிள்ளையை அப்படி அடித்தவளுக்கு நலம் ஒரு கேடா’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. இரவெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறேன். அப்படிக் கிடந்த மறுநாள்தான் அவனிடம் அதிகம் எரிந்து விழுகிறேன். தியானத்திலும் தோற்றுவிட்டேன் என்றே தோன்றுகிறது.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். கணவரோ, ‘என்னைச் சிறையில் வைத்தவர்களின் மதத்தை நம் வீட்டு மாடியில் கொண்டுவந்து வைக்கிறாயா’ என்று கேட்கிறார். நான் இதைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புச் சகோதரிக்கு,

உப்பு டப்பாவுக்காகக் கையை உயர்த்தும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் அடித்தது தவறுதான். கடன், தடைக்காலம், மழை என்று காரணங்களை அடுக்கி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. நீங்களும் அதற்காக எழுதவில்லை. அந்தக் கை தலைக்குப் போவதை நீங்கள் பார்க்கிறீர்களே, அதில்தான் எனக்கு நம்பிக்கை. எத்தனையோ வீடுகளில் அதை யாருமே கவனிப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இரவெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டு கிடந்த மறுநாள்தான் அவனிடம் அதிகம் எரிந்து விழுகிறீர்கள். உங்களை நீங்கள் வதைத்துக்கொள்வது அவனுக்குச் செய்யும் பரிகாரம் என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த வதையின் மிச்சமும் அவன் மேல்தான் விழுகிறது.

பௌத்தம் இதை வெகு காலத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறது. மனத்தை மறிக்கும் ஐந்து தடைகள் என்று பாலி நூல்கள் சொல்லும் பட்டியலில் ஆசையும் பகைமையும் இருக்கின்றன. அதே பட்டியலில் ‘குக்குச்சம்’ என்பதும் இருக்கிறது. செய்துவிட்டேனே, செய்துவிட்டேனே என்று மனம் அரித்துக்கொண்டே இருப்பதுதான் அது. அதே நூல்கள் ‘ஹிரி’ என்ற நாணத்தை உலகைக் காக்கும் குணங்களில் ஒன்றாக வைக்கின்றன. நம் வள்ளுவர் நாணுடைமை என்று தனி அதிகாரம் வைத்தாரே, கிட்டத்தட்ட அந்த நாணம்தான். ‘இதை இனிச் செய்யக் கூடாது’ என்று கையைப் பிடிப்பது நாணம். ‘நீ ஒரு தாயா’ என்று விடிய விடியக் கேட்பது அரிப்பு. உங்களுக்குள் இரண்டும் ஒரே குரலில் பேசுவதால் பிரித்தறிய முடியாமல் தவிக்கிறீர்கள்.

சங்கு ஊதுபவரின் உவமை வரும் ஓர் உரை, புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. அங்கே புத்தர் சொல்வதன் சாரம் இது. நான் செய்தது தகாதது. ஆனால் வருந்திக்கொண்டே இருப்பதால் அது செய்யாததாகிவிடாது. இப்படி உணர்ந்தவர் அந்தச் செயலைக் கைவிடுகிறார். அதற்குப் பின்னால்தான் அன்பை நான்கு திசைக்கும் பரப்புவது பற்றிய பேச்சு வருகிறது, வலுவான ஒருவர் ஊதும் சங்கின் ஒலி எளிதாக எங்கும் கேட்பதைப் போல. இந்த வரிசையை நன்றாகப் பாருங்கள். முதலில் ஒப்புக்கொள்ளுதல், அடுத்து கைவிடுதல், பிறகு அன்பு. உங்களுக்கு முதல் படி முடிந்துவிட்டது. நடுப்படியில் நிற்கும்போது கடைசிப் படியின் வரியைச் சொல்லச் சொன்னால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். இதில் தோல்வி எங்கே இருக்கிறது?

5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல், மைத்திரி என்னும் அன்புத் தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது. ‘நான் நலத்தை விரும்புவது போலவே பிற உயிர்களும் விரும்புகின்றன’ என்று உணரத் தன்னையே சாட்சியாக வைக்கும் முறை அது. ஆனால் உங்களுக்கு இப்போதைக்கு அந்த வாசல் திறக்காது. மகனிடமிருந்து தொடங்குங்கள். விடியற்காலையில் மாடிக்குப் போகும் முன், தூங்கும் அவன் அருகில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். ‘இவன் பயமின்றி இருக்கட்டும்’ என்று சொல்லுங்கள். அது தடையில்லாமல் வரும் நாளில், ‘நாங்கள் இருவரும் பயமின்றி இருக்கட்டும்’ என்று மாற்றுங்கள். ‘நான்’ என்ற சொல்லுக்கு அவசரமே இல்லை.

கைவிடுவதற்கு மாடியைவிடக் கருவாடு காயும் இடத்தில்தான் பயிற்சி வேண்டும். கோபம் முதலில் உங்கள் உடம்பில் எங்கே ஏறுகிறது? பல்லைக் கடிப்பதிலா, காது சூடாவதிலா, விரல்களிலா? காற்றைப் பார்க்காமல் படகு இறக்குபவர் உங்கள் ஊரில் உண்டா? அப்படிப் பாருங்கள். அறிகுறி தெரிந்த நொடியில் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, மூச்சு வெளியே போவதை மட்டும் ஐந்து முறை கவனியுங்கள். நான்கு மணிக்குக் கற்றுக்கொண்ட மூச்சு இதற்காகத்தான்.

இன்னொன்று. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை மகனிடம் சொன்னீர்களா? புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரையில் கண்ணாடி வருகிறது. ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார். தீங்கு செய்தது தெரிந்தால் மறைக்காமல் வெளிப்படையாகச் சொல். இனிச் செய்யாதே என்கிறார். அவனை அருகில் அழைத்து, ‘உன்னை அப்படி அடித்தது என் தவறு. கருவாடு நனைந்ததற்கு அது தண்டனை ஆகாது. இனி அடிக்காமல் இருக்க நான் பழகிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவன் முன் அழாமல் சொல்ல முடிகிற நாளில் சொல்லுங்கள். மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களைத் தேற்றும் பாரம் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். நான்கு மாதம் சிறையில் கிடந்து படகையும் இழந்த மனிதருக்குக் கருணையைப் பற்றி நான் பாடம் எடுக்க மாட்டேன். அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பசித்தவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறிட்ட மணிமேகலையும் பௌத்தத் துறவிதான், தமிழ்ப் பெண்தான் என்பதை என்றாவது சாவகாசமாகச் சொல்லுங்கள். விவாதம் வேண்டாம். உங்கள் ஜெபத்தை நீங்கள் விட வேண்டியதில்லை. 1979இல் ஜான் கபட்-ஸின் என்பவர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இந்த மூச்சுப் பயிற்சியை மதச் சடங்கு எதுவுமின்றி நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இன்று எல்லா மதத்தினரும் செய்கிறார்கள்.

அவர் நள்ளிரவில் திடுக்கிட்டு எழுவது எனக்குக் கவலை தருகிறது. சிறை அனுபவம் இன்னும் அவர் உடம்பைவிட்டுப் போகாமல் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவருமே போய்வாருங்கள். உங்கள் கை மீண்டும் ஓங்கினால், அல்லது சாவு பற்றிய எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றைக்கே 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

அந்த உப்பு டப்பாவை இன்றே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அவன் கை தானாகத் தலைக்குப் போவது நிற்கப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை அது கீழேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்