தப்பியோடிய அயல்நாட்டுக் குரங்குகள்: கேள்வி பதில்

பண்ருட்டி வாசகர்: ஐயா, இரவில் முந்திரித் தோப்பில் டார்ச் அடித்தபோது கிளையில் நீண்ட வாலுள்ள விலங்கு ஒன்றின் கண்கள் பளிச்சிட்டன. எங்கிருந்தோ தப்பிய வெளிநாட்டுக் குரங்காக இருக்குமோ?

பதில்: மரநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குரங்குகளின் கண்களில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இல்லாததால் அவை அப்படி மின்னுவதில்லை. தேவாங்கின் கண்கள் மின்னும். ஆனால் அதற்கு வாலே கிடையாது.

சிதம்பரம் வாசகர்: தப்பிய குரங்குகள் அந்நிய மண்ணில் பெருகியதுண்டா? பிச்சாவரத்தில் அது நடக்குமா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டேனியா என்னும் ஊரில் 1948-இல் ஒரு பண்ணையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்க வெர்வெட் குரங்குகளின் வழித்தோன்றல்கள், விமான நிலையத்தை ஒட்டிய அலையாத்திக் காட்டில் இன்றும் வாழ்கின்றன. அதே மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்ஸில் 1930-களில் படகுச் சுற்றுலா நடத்திய ஒருவர், பார்வையாளர்களைக் கவர ஆற்றுத் தீவொன்றில் செம்முகக் குரங்குகளை விட்டார். அவற்றுக்கு நீந்தத் தெரியும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை போலும், அவை கரையேறிக் காட்டில் பல்கிப் பெருகின. இரண்டு இடங்களிலும் ஆணும் பெண்ணுமாகக் கூட்டமே வெளியேறியது என்பதுதான் முக்கியம். 2024 நவம்பரில் தென் கரோலினாவின் யெமசி ஊர் ஆய்வுப் பண்ணையிலிருந்து தப்பிய 43 குரங்குகளும் இளம் பெண் குரங்குகள். வேலியருகிலேயே சுற்றித் திரிந்த அவை அனைத்தும் சில மாதங்களுக்குள் பிடிபட்டன. ஆகவே பிச்சாவரத்தில் மறைவிடம் தாராளமாக இருந்தாலும், தப்பிய ஒற்றைக் குரங்கு அங்கே குலம் தழைக்கச் செய்ய வழியில்லை.

புதுச்சேரி வாசகர்: காதோரம் வெள்ளைக் குஞ்சம் உடைய மார்மோசெட் குரங்கைச் சிலர் வளர்க்கிறார்களே, அது தப்பினால்?

பதில்: தனியாக நெடுநாள் தாங்காது. ஆனால் ஜோடியாகத் தப்பினால் அலட்சியம் கூடாது: வடகிழக்கு பிரேசிலுக்குரிய இந்தக் குரங்கு, ரியோ டி ஜெனிரோவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே படையெடுப்பு இனமாகிவிட்டது, அதாவது பெருகி உள்ளூர் உயிரினங்களை நெருக்குகிறது. பட்டியலிடப்பட்ட அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தம் சொல்கிறது. தப்பினால் மறைக்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கடலூர் வாசகர்: எங்கள் தெருவில் புதிதாக வந்த குரங்கு வழக்கமானதாகத் தெரியவில்லை. எப்படி அடையாளம் காண்பது?

பதில்: வாலைப் பாருங்கள். நம் பகுதியில் வழக்கமாகக் காணும் நாட்டுக் குரங்குக்கு வால் உடலளவு நீளும், உச்சந்தலை மயிர் குல்லாய் போலப் பரந்திருக்கும். வால் குட்டையாகவும் இடுப்புக்குக் கீழே செம்பழுப்பாகவும் இருந்தால் அது வட இந்தியச் செம்முகக் குரங்கு. கடல் கடந்து வந்ததன்று என்றாலும் நம் பகுதிக்கு அயலானதே. தூரத்திலிருந்து படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள், தீனி மட்டும் போடாதீர்கள்.