சேலம் ஞாயிறு வகுப்பு: ஸ்பார்ஸ் செட் கேள்வி பதில் (கேட்டவர்கள் அவரவர் பகுதிப் பெயரில்)

குகை: ஸ்பார்ஸ் செட் என்றால் என்ன சார்?

0, 1களாலான, நீளம் n வரை உள்ள சரங்கள் ஏறத்தாழ 2 அடுக்கு (n+1) உண்டு. அவற்றில் n³ போன்ற பல்லுறுப்பு அளவுக்கு மேல் போகாத கணம் ஸ்பார்ஸ். எண்ணிக்கை குறைவு, அதனால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் 1களாலான சரங்களிலேயே எந்த நிரலாலும் தீர்க்க முடியாத கணம் உண்டு.

செவ்வாய்ப்பேட்டை: சில மூட்டைகளைச் சேர்த்து லாரி தாங்கும் எடையைச் சரியாக எட்ட முடியுமா என்பது என்பி-முழுமை (விடையைத் தந்தால் விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகள் என்பி; அவற்றில் மிகக் கடினமானவை என்பி-முழுமை). எடையைக் கோடு கோடாக எழுதினால்?

எளிதாகிவிடும். 500 கிலோவுக்கு 500 கோடு, உள்ளீடே நீண்டுவிட்டது. அட்டவணை போட்டே முடிக்கலாம்.

அஸ்தம்பட்டி: 1களாலான கணம் என்பி-முழுமையாக இருக்க முடியாதா?

இருந்தால் பி = என்பி ஆகிவிடும், அதாவது விரைவாகச் சரிபார்க்கக்கூடியவை எல்லாம் விரைவாகத் தீர்க்கக்கூடியவை (பி) ஆகிவிடும். பியோத்தர் பெர்மன் 1978இல் நிறுவியது. அழகான நிரூபணம், நிதானமாகப் பாருங்கள். உண்மை–பொய் மாறிகளாலான ஒரு சூத்திரத்தை உண்மையாக்க முடியுமா (தீருமா) என்பதும் என்பி-முழுமைதான். அதில் முதல் மாறிக்கு உண்மை, பொய் என இரண்டு கிளை. அடுத்த மாறிக்கு நான்கு. விட்டால் மரம் வெடித்துவிடும். ஆனால் ரிடக்‌ஷன் (ஒரு கேள்வியை, அதே பதில் தரும் "இந்தச் சரம் கணத்தில் உண்டா?" என்ற கேள்வியாக விரைவாக மாற்றும் முறை) ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சரம் தருகிறது. 1 தவிர வேறு குறியும் உள்ள சரமா, அந்தக் கிளை வேண்டாம். இரண்டு கிளைக்கு ஒரே சரமா, இரண்டும் தீரும் அல்லது இரண்டுமே தீராது. ஒன்று போதும். ஒரு நீளத்துக்கு 1களின் சரம் ஒன்றுதான், ஆகவே மட்டத்துக்குப் பல்லுறுப்பு அளவு கிளைகளே மிஞ்சும். காப்பித் தோட்டத்துக் கவாத்து மாதிரிதான்.

ஏற்காடு: பொதுவான ஸ்பார்ஸ் செட்டில் எந்தச் சரம் உறுப்பு என்றே தெரியாதே?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். எந்த ஸ்பார்ஸ் செட் என்பி-முழுமையானாலும் பி = என்பி என்று நிறுவி, 1982இல் ஸ்டீபன் மஹானி அதைத் தாண்டினார். பிறகு ஒகிஹாராவும் வதனபேவும் சுலபமாக்கினார்கள்: மாறிகளின் உண்மை, பொய் மதிப்புகளை 1, 0 என வரிசையாக எழுதி எண்ணாகப் பாருங்கள். w அப்படி ஒரு எண். பல w-க்கு "w அல்லது அதற்குப் பெரிய தீர்வு உண்டா?" என்று கேளுங்கள். கணத்தில் இருக்கக்கூடிய உறுப்புகளைவிட அதிக வெவ்வேறு சரங்கள் வந்தால், ஏதோ ஒரு w-க்காவது பதில் "இல்லை". அப்போது மிகப் பெரிய w-க்கும் "இல்லை"தான். அதை வெட்டலாம்.

சூரமங்கலம்: இதை கார்ப், லிப்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980லேயே சொல்லிவிட்டார்களே?

இல்லை. எந்த ரிடக்‌ஷன் என்று சொல்லாமல் இந்தத் தேற்றங்களைப் பேசவே கூடாது. மஹானியில் ஒரு உள்ளீட்டுக்கு ஒரே ஒரு சரம். கார்ப்–லிப்டனில் ஸ்பார்ஸ் செட்டிடம் பல கேள்விகள் கேட்கலாம்.

மறுபடி சூரமங்கலம்: கிட்டத்தட்ட ஒன்றுதானே?

ஒன்றே அல்ல! மஹானியில் கிடைப்பது பி = என்பி. கார்ப்–லிப்டனில் பல்லுறுப்புப் படிநிலை (என்பிக்கு மேல் மட்டம் மட்டமாக அடுக்கிய கணக்கு வகைகள்) இரண்டாம் மட்டத்தில் சரியும், அவ்வளவுதான். அதை பி = என்பி வரை கொண்டுபோக இன்னும் யாராலும் முடியவில்லை. இந்த இடைவெளிதான் என்னைத் தூங்கவிடாதது.

அம்மாப்பேட்டை: அப்போ பி = என்பியா?

இன்று நான்காவது முறை. யாரும் நிறுவவில்லை. அடுத்தது.

கொண்டலாம்பட்டி: பி-முழுமைக்கும் (பி-யிலேயே மிகக் கடினமானவை) இப்படி உண்டா?

உண்டு. உள்ளீட்டு நீளத்தின் மடக்கை அளவு நினைவகம் மட்டும் எடுப்பதே மடக்கை இடம். மடக்கை இட ரிடக்‌ஷனில் ஸ்பார்ஸ் பி-முழுமைக் கணம் இருந்தால், பி முழுவதும் மடக்கை இடத்திலேயே தீரும். யூரிஸ் ஹார்ட்மானிஸ் 1978இல் ஊகித்ததை 1990களில் ஜின்-யி காய், சிவகுமார் இருவரும் நிறுவினார்கள். அடுத்த ஞாயிறு அதைத்தான் எடுக்கிறேன், நேரியல் இயற்கணிதம் படித்துவிட்டு வாருங்கள்.