எச்சில் ரிப்போர்ட்டை வைத்து ஹார்மோன் க்ரீம் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. ஏழெட்டு மாதமாக மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து, நைட்டி நனையும் அளவுக்கு வியர்க்கிறது. தூக்கமே இல்லை. ஆரோக்கிய ஆலோசகர் ஒருவர் சொல்லி எச்சில் பரிசோதனை செய்தேன். ‘ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதாவது, பெண் ஹார்மோன்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோனை மிஞ்சி நிற்கிறதாம். அவரிடமே புரோஜெஸ்டிரோன் க்ரீம் வாங்கித் தடவிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எச்சில் கொடுக்க வேண்டுமாம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு என்ன என்பதை நீங்கள் எழுதிய முதல் நான்கு வரிகளே சொல்லிவிட்டன. 45 வயதைத் தாண்டியவருக்கு மாதவிடாய் தாறுமாறாகி, இப்படி வியர்த்துக் கொட்டினால் மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குகிறது என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ள எச்சிலும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கணக்கு.

இந்தக் காலத்தில் சினைப்பை ஒரு நிதானத்தில் வேலை செய்யாது. ஈஸ்ட்ரோஜன் ஒரு வாரம் எகிறும், மறுவாரம் சரியும். ரிப்போர்ட்டில் இருப்பது நீங்கள் குழாயில் துப்பிய அந்த ஒரு காலையின் எண் மட்டும்தான். அதோடு, ரத்தத்தில் ஓடும் ஹார்மோனில் மிகச் சிறு பங்குதான் எச்சிலுக்கு வருகிறது. அவ்வளவு குறைந்த அளவை அளக்கும்போது, பல் தேய்க்கையில் ஈறில் கசிந்த ரத்தம் கொஞ்சம் கலந்தாலே எண் மாறிவிடும்.

க்ரீம் தடவத் தொடங்கிய பிறகு இன்னும் மோசம். எச்சிலில் புரோஜெஸ்டிரோன் பல மடங்கு ஏறும், ரத்தத்தில் அப்படி ஏறாது. எண் ஏறினால் ‘பார்த்தீர்களா, வேலை செய்கிறது’ என்பார்கள். ரொம்ப ஏறினால் வேறு க்ரீம் தருவார்கள். பரிசோதிக்கச் சொல்பவரும், ரிப்போர்ட்டை விளக்குபவரும், மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஹார்மோன் அளவை முடிவு செய்ய எச்சில் பரிசோதனை உதவாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2012லேயே சொல்லிவிட்டது. இன்னமும் விற்கிறார்கள், தடுப்பார் இல்லை. ‘இயற்கை ஹார்மோன்’ என்ற பேச்சிலும் மயங்காதீர்கள். அதே இயற்கைப் புரோஜெஸ்டிரோன் முறையான மாத்திரையாகவே கிடைக்கிறது. கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜன் எடுக்கும்போது துணைக்கு இந்தக் க்ரீமை நம்பினால், கருப்பையின் உட்சவ்வுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. ஈஸ்ட்ரோஜனால் சவ்வு தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

பரிசோதனை கட்டாயம் தேவைப்படும் ஒரு கூட்டம் உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். 40 வயதுக்குள் மாதவிடாய் நின்றுபோகிறவர்கள். உங்கள் தங்கைக்கு 36 வயதில் நாலைந்து மாதம் வராமல் இருந்தால், ‘டென்ஷன்’ என்று விட்டுவிடாதீர்கள். முதலில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, வழக்கமாக 4 முதல் 6 வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முடிவு தப்பாக வரும். இளவயதில் ஈஸ்ட்ரோஜன் வற்றினால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். அதனால் இயல்பாக நிற்கும் வயது வரைக்கும், அதாவது ஏறக்குறைய 50 வரை, அவர்களுக்கு ஹார்மோன் கொடுப்பதே வழக்கம். அங்கேயும் எச்சிலுக்கு வேலையில்லை.

உங்களைப் போன்றவர்கள் ஏன் ஆலோசகர்களிடம் போகிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. டாக்டரிடம் போனால் ‘வயசானா அப்படித்தான்’ என்று மூன்று நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் விற்க ஆள் வந்துவிடுகிறார். என் துறைக்காரர்கள் மேல் எனக்கு இதில் உண்மையிலேயே கோபம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மாதவிடாய் வந்த தேதி, ராத்திரி எத்தனை முறை வியர்த்து எழுந்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மகளிர் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் இப்படி வியர்க்க வைக்கும். மார்பகப் புற்றுநோயோ, காலில் ரத்தம் உறைந்ததோ முன்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஹார்மோன் சிகிச்சை ஒத்துவரும் என்றால், அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வியர்வையும் தூக்கமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் நடக்கும். அந்தக் க்ரீமை ஏற்கெனவே தடவத் தொடங்கியிருந்தால், டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.